மீனுக்கு மல்லுக்கட்டு, வங்கிக்குச் சில பக்கம்: பிரெக்சிட்டும் வங்கி வேலைகளும், ராமநாதபுரக் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்து வீடுகளில் சில ஆண்டுகளாகவே ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருக்கிறது. “பிரிட்டன் ஐரோப்பாவை விட்டுப் பிரிஞ்சதுல லண்டன் பேங்க் வேலையெல்லாம் போயிருச்சாமே சார், பையனை அங்க படிக்க அனுப்பலாமா?” வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் ஆள் அனுப்பிப் பழகிய கரை இது. வெளிநாட்டில் ஒரு சட்டம் மாறினால் இங்கே பாதி கட்டிய மாடி அப்படியே நிற்கும். நான் வணிகவியல் பாடம் நடத்துகிறவன். அதனால் வகுப்பிலும் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியிலும் கேட்கிறார்கள். பந்தியில் பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதிவைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாடு வணிகக் கூட்டமைப்பை விட்டு விலகும்போது வங்கி வேலை உரிமத்தின் பின்னால் போகிறது. எந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்று கண்காணிப்பு அமைப்பு சொல்கிறதோ, அந்த நாற்காலி மட்டும் நகர்கிறது. மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். அல்லது யாரும் கணக்கில் வைக்காத ஊருக்குப் போகும்.

நடந்தது என்ன

2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் 51.9% பேர் வெளியேறச் சொன்னார்கள். 2017 மார்ச் 29 அன்று பிரிட்டன் முறைப்படி அறிவிப்புக் கொடுத்தது. 2020 ஜனவரி 31 இரவு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தது. ஆனால் வங்கிக்காரர்களுக்கு முக்கியமான தேதி 2020 டிசம்பர் 31. அதுவரை இடைக்காலம், பழைய விதிகளே செல்லுபடியாகும். ஆக வாக்கெடுப்புக்கும் கதவு சாத்தியதற்கும் இடையே நாலரை ஆண்டு கிடைத்தது. இந்த அவகாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணக்குகள் பலவும் இதனால்தான் சிறுத்துப்போயின.

பறிபோனது ‘பாஸ்போர்ட்டிங்’ என்ற உரிமை. ராமேசுவரம் விசைப்படகுக்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்கினால்தான் கடலுக்குப் போகலாம். ராமேசுவரத்தில் வாங்கிய ஒரே டோக்கன் மண்டபம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் என்று எல்லாத் துறையிலும் செல்லும் என்று ஓர் ஏற்பாடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருநாள் ராமேசுவரம் மட்டும் அந்த ஏற்பாட்டிலிருந்து விலகிக்கொள்கிறது. படகு அதேதான், வலை அதேதான், ஆளும் அதே ஆள்தான். ஆனால் கோட்டைப்பட்டினத்தில் தொழில் செய்ய இனி அங்கே ஒரு பதிவு வேண்டும், அங்கே பொறுப்புச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

லண்டனில் ஓர் உரிமம் வாங்கிய வங்கி, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியின் மற்ற 30 நாடுகளிலும் அதைக் காட்டியே தொழில் செய்துவந்தது. 2016இல் பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை அமைப்பு வெளியிட்ட கணக்கின்படி இப்படி வெளியே போய்த் தொழில் செய்த பிரிட்டிஷ் நிறுவனங்கள் 5,476. அதே உரிமையைக் கொண்டு பிரிட்டனுக்குள் வந்து தொழில் செய்த ஐரோப்பிய நிறுவனங்கள் 8,008. இந்த இரண்டாவது எண்ணை அன்றைய தலைப்புச் செய்திகளில் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. கதவு சாத்தினால் வெளியே போக முடியாதவர்களைப் பற்றித்தான் பேச்செல்லாம். உள்ளே வந்தவர்களும் லண்டனில் புதிதாக உரிமம் எடுக்கவேண்டும், அதற்கும் ஆள் வேண்டும் என்பதை யார் கணக்குப் பார்த்தார்கள்?

மீனும் பணமும்

நம் கரைக்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய பகுதி இது.

2020 டிசம்பரில் பிரிட்டனும் ஒன்றியமும் உட்கார்ந்து பேசிய கடைசி நாட்களில் இழுபறி எதில் தெரியுமா? மீனில். பிரிட்டன் கடலில் பிரெஞ்சு, டச்சு, டேனிஷ் படகுகள் எவ்வளவு பிடிக்கலாம், எத்தனை ஆண்டுக்குப் பிடிக்கலாம் என்பதில். பிரிட்டனின் மொத்த உற்பத்தியில் மீன்பிடித் தொழிலின் பங்கு ஆயிரத்தில் ஒன்றைச் சுற்றித்தான். நிதித் துறையின் பங்கு நூற்றில் எட்டை ஒட்டியது. அதில் வேலை செய்பவர்கள் சுமார் 11 லட்சம் பேர். ஆனால் டிசம்பர் 24 அன்று முடிவான ஒப்பந்தத்தில் மீனுக்கு வகைவகையாகப் பட்டியல் இருந்தது. பிரிட்டன் கடலில் ஐரோப்பியப் படகுகள் பிடிக்கும் மீனின் மதிப்பில் 25% ஐந்தரை ஆண்டுகளில் பிரிட்டனுக்கு மாறவேண்டும் என்பதுவரை எழுதிவைத்தார்கள். நிதிச் சேவைக்குக் கிடைத்தவை பொதுப்படையான சில பக்கங்களும், ஒத்துழைப்பைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்ற ஓர் அறிவிப்பும். அந்தப் ‘பிறகு’ 2023 ஜூன் 27 அன்றுதான் ஒரு புரிந்துணர்வுக் கையெழுத்தாக வந்தது. அதிலும் சந்தைக்குள் நுழையும் உரிமை எதுவும் இல்லை. மீனுக்கான ஏற்பாட்டை 2025 மே மாதத்தில் மறுபடி உட்கார்ந்து 2038 வரை நீட்டிவிட்டார்கள்.

கச்சத்தீவு விவகாரத்தில் 1974இலும் 1976இலும் டெல்லியில் போட்ட கையெழுத்துகளின் விலையை இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கும் பாம்பன், தங்கச்சிமடம் மக்களுக்கு, கடலில் யாருக்கு உரிமை என்பது எவ்வளவு சூடான சங்கதி என்று யாரும் சொல்லத் தேவையில்லை. பிரிட்டனிலும் மீனவத் துறைமுகம் என்றால் கொடி பறக்கும், தொலைக்காட்சி கூடும். கோட்டுப் போட்ட வங்கிக்காரனுக்காகக் கண்ணீர் விட அங்கே ஆள் இல்லை. 2008 நெருக்கடியில் வங்கிகளை மக்கள் பணத்தில் தூக்கி நிறுத்திய கோபம் ஆறியிருக்கவில்லை. வங்கிகளும் அதைத் தெரிந்துவைத்திருந்தன. அரசு காப்பாற்றும் என்று காத்திராமல் 2017இலேயே டப்ளினிலும் பிராங்பர்ட்டிலும் பாரிசிலும் இடம் பார்க்கத் தொடங்கிவிட்டன. பெரிய பாதிப்பு வராமல் போனதற்கு, பேச்சுவார்த்தையில் எதுவும் கிடைக்காது என்று அவர்கள் நம்பியதே முதல் காரணம் என்பது என் கருத்து.

ஒரு லட்சம் என்றார்கள்

2016 ஏப்ரலில், வாக்கெடுப்புக்கு முன்பே, பிடபிள்யூசி என்ற தணிக்கை, ஆலோசனை நிறுவனம் லண்டன் நிதித் துறை அமைப்பு ஒன்றுக்காகத் தயாரித்த மதிப்பீடு, 2020க்குள் நிதித் துறையில் 70,000 முதல் 1,00,000 வேலை வரை குறையலாம் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஆலிவர் வைமன் என்ற ஆலோசனை நிறுவனம், உறவு முழுதாக முறிந்தால் சார்புத் தொழில்களையும் சேர்த்து 75,000 வரை போகலாம் என்றது. இந்த எண்கள்தான் வாட்ஸ்அப்பில் சுற்றி நம் ஊர் வரைக்கும் வந்தவை.

நடந்ததைப் பார்ப்போம். ஈஒய் என்ற இன்னொரு தணிக்கை, ஆலோசனை நிறுவனம் பிரிட்டனின் பெரிய நிதி நிறுவனங்கள் 222ஐத் தொடர்ந்து கவனித்தது. 2022 மார்ச்சில் அது சொன்ன கணக்கு: லண்டனிலிருந்து ஐரோப்பாவுக்கு நகர்ந்த வேலைகள் சுமார் 7,000. அந்த 222இல் 97 நிறுவனங்கள், அதாவது 44%, எதையாவது நகர்த்தின அல்லது நகர்த்தப்போவதாக அறிவித்தன. நியூ பைனான்சியல் என்ற ஆய்வு அமைப்பு 2021 ஏப்ரலில் வலையை இன்னும் அகலமாக வீசி, 440க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஏதேனும் ஒரு பகுதியை மாற்றியதாகக் கண்டது. டப்ளினுக்கு 135, பாரிசுக்கு 102, லக்சம்பர்க்குக்கு 95, பிராங்பர்ட்டுக்கு 63, ஆம்ஸ்டர்டாமுக்கு 48. நகர்ந்த வங்கிச் சொத்தோ 90,000 கோடி பவுண்டு. பிரிட்டிஷ் வங்கிகளின் மொத்தச் சொத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு.

சொத்தில் பத்தில் ஒன்று போனது, ஆளில் நூற்றில் ஒன்றுகூடப் போகவில்லை. இந்த ஏற்றத்தாழ்வில்தான் விஷயமே இருக்கிறது. சொத்து என்பது வங்கியின் ஏட்டில் எந்தக் கிளை நிறுவனத்தின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்ற பதிவு. பேரை மாற்றி எழுதினால் போதும், ஆள் அசைய வேண்டாம்.

இன்னொரு எண்ணும் உண்டு. 2024 அக்டோபரில் ‘சிட்டி’ எனப்படும் லண்டனின் நிதி வட்டாரத்துக்கு அன்று மேயராக இருந்த மைக்கேல் மைனெல்லி, பிரெக்சிட்டால் சிட்டி சுமார் 40,000 வேலைகளை இழந்ததாகச் சொன்னார். அதே பேட்டியில், சிட்டியில் வேலை செய்வோர் 2016இல் 5,25,000 பேராக இருந்து 6,15,000 ஆகியிருப்பதாகவும் சொன்னார். காப்பீடு, தரவுப் பகுப்பாய்வு போன்ற துறைகள் வளர்ந்து இடத்தை நிரப்பியிருக்கின்றன. 7,000 சரியா, 40,000 சரியா? இரண்டும் வேறு வேறு பொருளை அளப்பதாகவே எனக்குத் தெரிகிறது. பெட்டி கட்டிக்கொண்டு போன வேலை ஒன்று. லண்டனுக்கு வந்திருக்கவேண்டியது வராமல் நேரே டப்ளினில் முளைத்த வேலை இன்னொன்று. பிடபிள்யூசி சொன்ன ஒரு லட்சமும் இந்த இரண்டாம் வகைதான்: விலகாமல் இருந்திருந்தால் இருக்கக்கூடிய எண்ணைவிட இவ்வளவு குறையும் என்றார்கள். அதைச் செய்தித்தாள் ‘ஒரு லட்சம் பேருக்கு வேலை போகும்’ என்று போட்டது. தேர்வில் என் மாணவர்கள் இதே தவறைச் செய்தால் மதிப்பெண் குறைப்பேன்.

எந்த நாற்காலி நகர்ந்தது

ஜேபி மார்கன் தன் ஐரோப்பிய வங்கியை பிராங்பர்ட்டில் பலப்படுத்தி, பங்கு, பத்திர வணிகர்களைப் பாரிசில் உட்காரவைத்தது. பேங்க் ஆஃப் அமெரிக்கா, வங்கியை டப்ளினிலும், பங்கும் பத்திரமும் வாங்கி விற்கும் குழுக்களான வணிக மேசைகளைப் பாரிசிலும் வைத்தது. பார்க்லேஸ் டப்ளினைப் பிடித்துக்கொண்டது. சுமார் 5,000 வாடிக்கையாளர்களையும் 19,000 கோடி யூரோ சொத்தையும் அயர்லாந்து வங்கிக்கு மாற்ற 2019 ஜனவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. ஒன்றியத்தின் வங்கிகளுக்கு விதி வகுக்கும் ஐரோப்பிய வங்கி ஆணையமே லண்டனிலிருந்து பாரிசுக்குப் போனது. 2017 நவம்பர் 20 அன்று பாரிசும் டப்ளினும் சம வாக்கு வாங்கியதால் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். இருநூறுக்கும் குறைவான பேரின் வேலை, குடும்பம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு சீட்டில்!

2021 ஜனவரி 4, புத்தாண்டின் முதல் வணிக நாள். ஐரோப்பியப் பங்குகளின் வணிகத்தில் சுமார் 600 கோடி யூரோ ஒரே நாளில் லண்டனை விட்டுப் போனது. அந்த மாதம் ஆம்ஸ்டர்டாமில் நாளொன்றுக்குச் சராசரி 920 கோடி யூரோ, லண்டனில் 860 கோடி. ‘லண்டன் வீழ்ந்தது’ என்று எழுதினார்கள். நகர்ந்தவை கணினி சர்வர்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு அதனால் கிடைத்த ஆள் வேலை சொற்பம்.

யூரோ சார்ந்த ஒப்பந்தங்களைத் தீர்த்துவைக்கும் கிளியரிங் வேலை இதற்கு நேர் எதிர். அது முழுக்கப் போய்விடும் என்று பயந்தார்கள். ஆனால் ஐரோப்பிய வங்கிகளுக்கே லண்டன் கிளியரிங் இல்லாமல் ஓடாது என்பதால், ஒன்றியம் தற்காலிக அனுமதி கொடுத்தது. 2022 வரை என்றது, பிறகு 2025 ஜூன் வரை என்றது, இப்போது 2028 ஜூன் வரை. உரிமம் இருக்கிறவரை நாற்காலி அசையாது.

ஐரோப்பிய மத்திய வங்கிக்கு இந்த ஆட்டம் பிடிக்கவில்லை. பிராங்பர்ட்டில் பெயர்ப் பலகை, லண்டனில் ஆள் என்ற ‘காலி ஓடு’ ஏற்பாடு கூடாது என்று திரும்பத் திரும்ப எச்சரித்தது. 2022இல் 264 வணிக மேசைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவற்றில் 56 மேசைகள்மீது நடவடிக்கை வேண்டும் என்றது. அதற்குப் பிறகு போன வேலைகள் இப்படி மேசை மேசையாகப் போனவை. ஜெர்மனி தன் பங்குக்கு, மிக அதிகச் சம்பளம் வாங்கும் வங்கியாளர்களை வேலைநீக்கம் செய்வதை எளிதாக்கிச் சட்டமே திருத்தியது. பிராங்பர்ட்டுக்கு வரத் தயங்கிய வங்கிகளுக்கான வெற்றிலைபாக்கு அது. பிரிட்டனும் சும்மா இருக்கவில்லை. அடிப்படைச் சம்பளத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் போனஸ் கூடாது என்ற ஐரோப்பிய விதியை 2023 அக்டோபர் 31 அன்று தூக்கிவிட்டது. மேல்தட்டில் இருப்பவனுக்கு இரண்டு பக்கமும் லாபம்.

ஓஎம்ஆர் சாலைக்கு வந்த பங்கு

தேவிப்பட்டினத்து மாணவர் ஒருவர், என்னிடம் பி.காம். படித்தவர், அந்த ஆண்டுகளில் சென்னை ஓஎம்ஆரில் ஒரு வெளிநாட்டு வங்கியின் சேவை மையத்தில் இருந்தார். அவருடைய வேலை வாடிக்கையாளர் ஆவணச் சரிபார்ப்பு. ஒருமுறை ஊருக்கு வந்தபோது சொன்னார்: “சார், ஒரே கம்பெனிக்கு லண்டன் பேர்ல ஒரு ஃபைல், புது ஐரோப்பாக் கம்பெனி பேர்ல இன்னொரு ஃபைல். எல்லாத்தையும் மறுபடி கேட்டு வாங்கணும். முதலாளி யாரு, பங்கு யாருகிட்ட, கையெழுத்து யாரு, எல்லாமே புதுசா. டீம் ரெண்டு மடங்கு ஆச்சு சார்.”

முதலில் நான் சொன்ன, யாரும் கணக்கில் வைக்காத ஊர் இதுதான். 5,000 வாடிக்கையாளர்களை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற நீதிமன்ற உத்தரவு ஒரு நாளில் வந்துவிடும். அதன் பின்னால் உள்ள ஆவணம், அறிக்கை, கணக்குப் பொருத்தம் எல்லாவற்றையும் யாராவது உட்கார்ந்து செய்யவேண்டும். ஒரு வங்கி இரண்டு வங்கியாகும்போது அறிக்கையும் இரண்டாகும், தணிக்கையும் இரண்டாகும். இந்த வேலைக்கு உரிமம் இடம் கேட்பதில்லை. எங்கே செலவு குறைவோ அங்கே போகும். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் 2001 முதலே சென்னையில் பெரிய மையம் வைத்திருக்கிறது. பார்க்லேஸ் உட்பட வேறு வங்கிகளுக்கும் இங்கே மையங்கள் உண்டு. பிரெக்சிட்டால்தான் இவை வளர்ந்தன என்று சொல்லமாட்டேன், அதற்கு வேறு காரணங்கள் ஏராளம். ஆனால் ‘வணிகக் கூட்டமைப்பு உடைந்தால் வங்கி வேலை குறையும்’ என்ற நேர்க்கோட்டுக் கணக்கை உடைக்க இந்த மாணவரின் குழு ஒன்றே போதும். லண்டனில் நடுமட்ட எழுத்தர் வேலையைக் குறைத்ததில் டப்ளினைவிடச் சென்னைக்கும் புனேக்கும் வார்சாவுக்கும்தான் பங்கு அதிகம் என்பது என் சந்தேகம்.

பர்மாக் கணக்கு

1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரியும்வரை காரைக்குடியும் தேவகோட்டையும் ராமநாதபுரம் மாவட்டம்தான். அங்கிருந்து ‘கொண்டுவிக்க’ப் போன நகரத்தார் வட்டிக்கடைகள் பர்மாவில் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒவ்வொரு கடைக்கும் ஆள் இந்த மாவட்டத்திலிருந்தே போனது. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. ஒரே நிர்வாகமாக, ஒரே சந்தையாக இருந்தது இரண்டானது. நம் மாவட்டம் பார்த்த முதல் ‘வெளியேற்றம்’ அது.

அங்கேயும் உடனே எதுவும் நடக்கவில்லை. வணிகத்தைச் சில ஆண்டுகள் பழைய நிலையிலேயே வைத்திருக்க ஓர் ஆணை போட்டார்கள். லண்டனுக்குக் கிடைத்ததைப் போன்ற இடைக்காலம். வட்டிக்கடைகள் நடந்தன. ஆனால் 1930களின் விலைவீழ்ச்சியில் கடன் திரும்பாமல், அடமான நிலமெல்லாம் கடைக்காரர் பேருக்கு வந்திருந்தது. 1930இல் கீழ்ப் பர்மா நெல் நிலத்தில் 6% அளவுக்கு இருந்த செட்டியார் பங்கு, 1938 வாக்கில் 25% ஆனது. 1942இல் ஜப்பான் படை வந்தது, ஆள் நடந்தே திரும்பியது. 1948இல் நில தேசியமயச் சட்டம், 1963இல் வங்கிகள் தேசியமயம்.

இரண்டு நிகழ்வுக்கும் வேறுபாடு இதுதான்: லண்டன் வங்கியின் சொத்து ஒப்பந்தத்தில் இருந்தது, நீதிமன்றம் அனுமதித்தால் பெயர் மாற்றி டப்ளினுக்குக் கொண்டுபோகலாம். வட்டிக்கடையின் சொத்து இராவதி வண்டலில் இருந்தது. அதை எந்த ஏட்டில் எழுதி எங்கே கொண்டுபோவது? பிரிவினை ஒன்றுதான் என்றாலும், வேலை பிழைப்பதும் மூழ்குவதும் சொத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்பதைப் பொறுத்தது.

பையனை அனுப்பலாமா

பந்திக் கேள்விக்கு வருகிறேன். லண்டன் வங்கி வேலையில் நம் பிள்ளைகளைப் பாதிப்பது பாஸ்போர்ட்டிங் இல்லை, விசா. பிரெக்சிட்டுக்கு முன் ஜெர்மன் இளைஞருக்கு லண்டனில் வேலை செய்ய விசா தேவையில்லை. 2021 ஜனவரியிலிருந்து அவருக்கும் பரமக்குடிப் பெண்ணுக்கும், தகுதிக்குப் புள்ளி போட்டு விசா தரும் ஒரே முறை. இந்த வகையில் வெளியேற்றம் நமக்குச் சாதகம். 2012இல் மூடிய, படிப்புக்குப் பின் வேலை தேடும் அனுமதியும் 2021 ஜூலை 1 முதல் இரண்டு ஆண்டுக்குத் திரும்ப வந்தது. இங்கிருந்து கல்விக் கடன் வாங்கிக்கொண்டு போன கூட்டம் பெரும்பாலும் அதை நம்பித்தான் போனது.

அந்தக் கதவு இப்போது மெல்லச் சாத்தப்படுகிறது. திறன்மிகு பணியாளர் விசாவுக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 26,200 பவுண்டாக இருந்தது. 2024 ஏப்ரலில் 38,700 ஆனது, 2025 ஜூலையில் 41,700 ஆனது. புதிதாகச் சேர்வோருக்குச் சற்றுக் குறைவு. படிப்புக்குப் பின் தங்கும் காலத்தையும் 2027 ஜனவரி முதல் முதுகலைக்காரர்களுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைக்கிறார்கள். வங்கியில் பகுப்பாய்வு, இடர் மேலாண்மை, தொழில்நுட்பம் என்று போகிறவருக்கு அந்தச் சம்பளம் எட்டும். ‘எம்.எஸ்சி. ஃபைனான்ஸ் ஏதோ ஒரு காலேஜ்ல’ என்று போய், ஆவணச் சரிபார்ப்பு வேலையை லண்டனில் தேடுகிறவருக்கு எட்டாது. அந்த வேலை ஏற்கெனவே ஓஎம்ஆரில் இருக்கிறது. அதற்காக வீட்டை அடமானம் வைத்து லண்டன் போவானேன்?

சென்னை மையங்களில் நேர்காணலுக்குப் போகிறவர்கள், பணி எந்தச் சட்டப்பூர்வ நிறுவனத்துக்காக, லண்டன் வங்கிக்கா அதன் ஐரோப்பிய வங்கிக்கா என்று கேட்டுக்கொள்வது நல்லது. யூரோ ஒப்பந்தக் கிளியரிங் சார்ந்த பிரிவில் சேர்கிறவர்கள் 2028 ஜூன் 30 என்ற தேதியையும் குறித்துவைத்துக்கொள்ளட்டும். அந்த அனுமதி மறுபடி நீட்டப்படாவிட்டால் அடுத்த ஃபைல் மாற்றும் அலை அங்கிருந்துதான் வரும். அப்போது தேவிப்பட்டினத்துக்காரரின் குழு மறுபடி இரண்டு மடங்காகுமா, இல்லை அதற்குள் மென்பொருளே அந்த வேலையைச் செய்துவிடுமா என்பதை அவரும் சக ஊழியர்களும் இப்போதே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.